ஒலிக்குத் திரும்பவில்லை

குழந்தை பிறந்த மூன்றாம் நாள். தாய்க்கு இன்னும் சரியாக எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. அதற்குள் நாற்பத்திரண்டு பக்கப் படிவம் ஒன்று கட்டிலுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதைக் கொண்டுவந்த பெண்ணின் கழுத்தில் ஓர் அடையாள அட்டை தொங்கியது. 'குழந்தை வளர்ச்சி மற்றும் குடும்பக் காரணிகள் குறித்த நெடுங்கால ஆய்வு நிறுவனம்' என்ற பெயர் அட்டையின் முன்பக்கத்தில் அடங்காமல் பின்பக்கம் போய் முடிந்தது.

இருபத்தைந்து வருடங்களுக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழந்தையைப் பார்ப்பார்களாம். எடை, உயரம், கண், காது, கை, கால், புத்தி, வீட்டாரின் மனநிலை என ஒன்றையும் விடாமல் அளப்பார்களாம். முந்நூற்றுப் பன்னிரண்டு குழந்தைகளுக்குத்தான் இந்த வாய்ப்பு என்று அந்தப் பெண் சொன்னாள்.

குழந்தையின் தகப்பன் லிஃப்ட் மெக்கானிக். பதினாறு கட்டடங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்க் கயிறு, பிரேக், கதவு எல்லாவற்றையும் பார்ப்பார். தேய்ந்ததை மாற்றுவார். லிஃப்ட்டுக்குள் ஒட்டியிருக்கும் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திடுவார். குழந்தைக்கும் அப்படி ஓர் ஏற்பாடு இருப்பது அவருக்கு மிகவும் நியாயமாகப் பட்டது. காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். குழந்தைக்கு நூற்று நாற்பத்தேழு என்று எண் கொடுத்தார்கள். என்ன பெயர் வைப்பது என்று வீட்டில் அப்போது இன்னும் முடிவாகவில்லை. சுருண்டு சுருண்டு தூங்குகிறதே என்று பூனை என்று கூப்பிட ஆரம்பித்து, அதுவே நிலைத்துவிட்டது.

அடையாள அட்டைப் பெண்ணுக்கு அவர்கள் வைத்த பெயர் கேள்வியக்கா. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கனத்த பையோடு வருவாள். செருப்பைக் கழற்றும்போதே கேள்வி தொடங்கிவிடும். வீட்டில் எத்தனை ஜன்னல், எத்தனை புத்தகம், அதில் படித்தவை எத்தனை. வாரத்துக்கு எத்தனை முறை சண்டை வரும், சத்தமான சண்டையா, சத்தமில்லாத சண்டையா. சண்டைக்குப் பிறகு முதலில் பேசுவது யார், பேசும்போது முகம் எந்தப் பக்கம் இருக்கும்.

இரண்டாவது வருகையில், கணவனும் மனைவியும் பத்து நிமிடம் கருத்து வேறுபாட்டோடு பேச வேண்டும், அதைப் படம் பிடிப்போம் என்றாள். அன்றைக்கென்று கைவசம் கருத்து வேறுபாடு எதுவும் இல்லை. மனைவி பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் காஜா போடுபவள். காலையிலிருந்து பொத்தான் துவாரங்களையே பார்த்துக் கண் எரிந்துபோய் வந்திருந்தாள். நாளைக்குப் போடலாமா என்று கேட்டாள். அட்டவணைப்படி இன்றைக்குத்தான் என்று சொல்லிக் கேள்வியக்கா ஒரு பட்டியலை நீட்டினாள். அதில் நான்காவதாக இருந்த 'மாமியார் வீடு' என்பதை இருவரும் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் நான்கு நிமிடம் சிரித்துக்கொண்டே பேசினார்கள். ஏழாவது நிமிடத்தில் கல்யாணத்தன்று யார் யாரை வரவேற்கவில்லை என்ற விஷயம் வெளியே வந்தது. கேள்வியக்கா கருவியை மூடிப் பைக்குள் வைத்துவிட்டுப் போன பிறகும் சண்டை முடியவில்லை. மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. அடுத்த முறை வந்தபோது அதையும் குறித்துக்கொண்டாள்.

பத்தாவது மாதம் குழந்தையை நிறுவனத்துக்கே கொண்டுவரச் சொன்னார்கள். ஏழு மாடிக் கட்டடம். சுவரெங்கும் சிரிக்கும் குழந்தைகளின் பெரிய படங்கள். தனியுரிமை கருதி ஒவ்வொரு குழந்தையின் கண்ணையும் கறுப்புப் பட்டையால் மறைத்திருந்தார்கள். மூன்றாம் மாடியில், தாயின் மடியில் உட்காரவைத்து, திரைக்குப் பின்னாலிருந்து மணி அடித்தார்கள். பூனை தாயின் சங்கிலியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். இன்னும் பலமாக அடித்தார்கள். பிறகு ஏதோ ஒரு பெட்டியிலிருந்து சங்கு போலச் சத்தம் வந்தது. தாய் திடுக்கிட்டு எழுந்தேவிட்டாள். குழந்தை சங்கிலியை வாயில் வைத்துக்கொண்டது. அறையின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு எழுதினார்கள்.

எல்லாம் நல்லபடியாக இருக்கிறதா என்று தாய் கேட்டாள். மிகச் சிறப்பான தரவு என்றார்கள். அவள் அதைக் கடையில் எல்லோரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

இரண்டு வயதாகியும் பூனை பேசவில்லை. எதிர் வீட்டுக் குழந்தை அவளைவிட மூன்று மாதம் சின்னது, அது பாட்டியைத் திட்டவே கற்றுக்கொண்டுவிட்டது. தாய் கேள்வியக்காவிடம் கேட்டாள். முடிவுகளைச் சொல்லக் கூடாது என்று விதி இருப்பதாகப் பதில் வந்தது. சொன்னால் குடும்பம் மாறிவிடும், குடும்பம் மாறினால் ஆய்வு கெட்டுவிடும். பிறகு ஒரு சின்னச் சட்டையை எடுத்து நீட்டினாள். அதன் பையில் ஒலிப்பதிவுக் கருவி தைக்கப்பட்டிருந்தது. குழந்தை இதை ஒரு வாரம் போட்டுக்கொண்டால், வீட்டில் யார் எத்தனை சொல் பேசுகிறார்கள் என்று தெரிந்துவிடுமாம். அந்தப் பையின் தையலைத் தாய் திருப்பிப் பார்த்தாள். காஜா கோணலாக இருந்தது. அதைப் பிரித்துச் சரியாகப் போட்டுக் கொடுத்தாள்.

மெக்கானிக் இயல்பிலேயே பேச்சுக் குறைந்தவர். லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை செய்பவருக்குப் பேச்சுத் துணை ஏது. ஒரு நாளைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு சொற்கள் என்று கணக்கு வந்தது. மற்ற தகப்பன்மார் சராசரியாக ஆயிரத்துத் தொள்ளாயிரம். இதை நிறுவனம் சொல்லவில்லை. சொல்வதுதான் விதிப்படி குற்றமாயிற்றே. ஆனால் அடுத்த சுற்றுக் கேள்வித்தாளில் தகப்பனின் மௌனத்தைப் பற்றி மட்டும் முப்பது கேள்விகள் இருந்தன. 'உங்கள் மௌனம் உங்கள் தகப்பனாரிடமிருந்து வந்ததா?' 'மௌனமாக இருக்கும்போது நீங்கள் யாரைத் தண்டிப்பதாக உணர்கிறீர்கள்?'

அதைப் படித்ததும் மனைவிக்கு விஷயம் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டதாக நினைத்தாள். அன்றிலிருந்து திட்டு. நீங்கள் வாயைத் திறந்திருந்தால் பிள்ளை பேசியிருக்கும், கல்லுக்கு வாக்கப்பட்டேன், கல்லுக்குப் பெற்றேன் என்று சோறு போடும்போதெல்லாம் ஆரம்பித்துவிடுவாள். மெக்கானிக் எதிர்த்துப் பேசவில்லை. அதற்கும் திட்டு விழுந்தது.

அவர் பேசத் தொடங்கினார். என்ன பேசுவது என்று தெரியாமல் தனக்குத் தெரிந்ததைப் பேசினார். குழந்தையை எதிரில் உட்காரவைத்து, லிஃப்ட் மேலே போகும்போது எடைக்கல் ஏன் கீழே வருகிறது, கயிறு அறுந்தால் கூண்டை எது பிடிக்கும், கதவு கையில் பட்டவுடன் ஏன் திரும்பத் திறக்கிறது என்று விளக்கினார். தொண்டை கட்டிக்கொண்டது. பூனை அவர் உதட்டையே உற்றுப் பார்த்தாள். சிலநேரம் விரலை நீட்டி அவர் வாயைத் தொட்டுப் பார்த்தாள். அடுத்த பதிவில் மூவாயிரத்து நானூறு சொற்கள் என்று வந்ததும், நிறுவனத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். இவ்வளவு திடீரென்று பேசுவது புள்ளிவிவரத்தைக் குலைக்கிறது, கொஞ்சம் பழையபடி இருக்க முடியுமா என்று பணிவாகக் கேட்டுக்கொண்டார்.

பூனைக்கு மூன்று வயது ஐந்து மாதம் ஆனபோது ஒரு விடுமுறை நாளில் மெக்கானிக் சுவரில் தட்டு மாட்டுவதற்காகத் துளை போட்டார். கான்கிரீட்டைத் துளைக்கிற பெரிய துரப்பணம். அதன் சத்தத்தில் எதிர் வீட்டுக் குழந்தை வீறிட்டு அழுதது. இரண்டு மாடி கீழேயிருந்து ஒருவர் வந்து கதவைத் தட்டிச் சத்தம் போட்டார். பூனை ஆறடி தள்ளிக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். இமைகூட அசையவில்லை.

மெக்கானிக் துரப்பணத்தை நிறுத்தினார். அவள் விழிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். எழுந்து பொம்மையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்ததும் அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, இரண்டு ஸ்பேனர்களை ஒன்றோடொன்று மோதினார். மீண்டும் மோதினார். பூனை பொம்மைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். சமையலறையிலிருந்து வந்த மனைவி, என்ன செய்கிறீர்கள் என்று கேட்கவில்லை. பார்த்தாள், அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை, செருப்புக் கடைக்கு மேலே மாடியில் உட்கார்ந்திருந்த ஒரு காது மருத்துவரிடம் போனார்கள். இருபது நிமிடத்தில் அவர் சொல்லிவிட்டார். இரண்டு காதும் பிறவியிலிருந்தே பெரிதும் கேட்கவில்லை. கருவி மாட்டினால் கேட்கும்.

"பேச்சு வருமா டாக்டர்?" என்று தாய் கேட்டாள்.

"வரும்மா. பயிற்சி குடுக்கணும். ஆனா பத்து மாசத்துலயே மாட்டியிருந்தா இந்நேரம் உங்கள எதிர்த்தே பேசியிருப்பா. இவ்வளவு நாள் யாருமே சோதிச்சுப் பாக்கலயா?"

"ஆறு மாசத்துக்கு ஒருதடவ பாத்தாங்க," என்றார் மெக்கானிக்.

மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். பிறகு எழுதி முடித்தார்.

நிறுவனத்தில் இயக்குநரின் அறை ஏழாம் மாடியில் இருந்தது. லிஃப்ட்டில் ஏறியதும் பழக்க தோஷத்தில் மெக்கானிக்கின் கண் அட்டைக்குப் போனது. வேறு கம்பெனியின் பொறுப்பு. போன மாதம்தான் பார்த்திருந்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது.

இயக்குநர் அவர்களை எழுந்து நின்று வரவேற்றார். பக்கத்தில் துணை இயக்குநர் உட்கார்ந்திருந்தார். இந்தக் குடும்பம் ஒரு சந்திப்பைக்கூடத் தவறவிட்டதில்லை என்று இயக்குநர் அவரிடம் பெருமையாக அறிமுகப்படுத்தினார். விஷயத்தைக் கேட்டதும் முகம் மலர்ந்து, கோப்பைக் கொண்டுவரச் சொன்னார்.

"பத்தாவது மாசமே கண்டுபிடிச்சுட்டோம்," என்று பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "நல்லா பாருங்க. பத்தாவது மாசம்: ஒலிக்குத் திரும்பவில்லை. பதினாறு: திரும்பவில்லை. இருபத்திரண்டு, இருபத்தெட்டு, முப்பத்துநாலு, நாற்பது. ஆறு சுற்று, ஆறும் ஒரே முடிவு. வேற எந்த ஆய்வுலயும் இந்தத் துல்லியத்த நீங்க பாக்க முடியாது."

"ஏன் சார் எங்ககிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"டாக்டர்கிட்ட போயிருப்போம்."

இயக்குநர் துணை இயக்குநர் பக்கம் திரும்பினார். "இதத்தான் நான் குழுவுல சொன்னேன்," என்றார். பிறகு மெக்கானிக்கிடம் மிகுந்த பொறுமையோடு விளக்கினார். "போயிருப்பீங்க. கருவி மாட்டியிருப்பீங்க. குழந்தை பேசியிருக்கும். அப்போ, காது கேக்காத குழந்தை வைத்தியமே இல்லாம எப்படி வளருதுன்னு நாங்க எங்க போய்ப் பாக்கறது? அப்படி ஒரு குழந்தைய நாமளா உருவாக்க முடியாது. அது பாவம். நெறிமுறை அனுமதிக்காது. தானா அமைஞ்சா மட்டுந்தான் உண்டு. பதினோரு குழந்தைங்க அமைஞ்சாங்க."

நெறிமுறைக் குழு இதைப் பற்றி இரண்டு முறை கூடியதையும் சொன்னார். முதல் முறை உறுப்பினர்கள் போதவில்லை. இரண்டாம் முறை நாலரை மணி நேரம் விவாதித்தார்கள். பதினோரு குடும்பங்களுக்கு மட்டும் செய்தி சொன்னால், சொல்வதற்கு எதுவும் இல்லாத முந்நூற்று ஒரு குடும்பங்களுக்குப் பாரபட்சம் காட்டியதாகிவிடும் என்று ஒருமனதாக முடிவானது. அந்தத் தீர்மானத்தைப் பிற நாட்டு நிறுவனங்கள் கேட்டு வாங்கிப் போயிருக்கின்றனவாம்.

மெக்கானிக் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "கயிறு பிரிஞ்சிருக்குன்னு பாத்தா நான் லிஃப்ட நிறுத்திடுவேன் சார்," என்றார். "எழுதி வெச்சுட்டு, அடுத்த தடவ இன்னும் எவ்வளவு பிரிஞ்சிருக்குன்னு பாக்க வர மாட்டேன்."

"அது பராமரிப்பு. இது அறிவியல்," என்றார் இயக்குநர், கோபமே இல்லாமல். பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு வேண்டுகோள் வைத்தார். அடுத்த சுற்றுக்கு இன்னும் ஐந்து மாதம்தான் இருக்கிறது. இத்தனை நாள் இருந்தாயிற்று. அந்த ஐந்து மாதம் மட்டும் கருவியை மாட்டாமல் தள்ளிப்போட்டால், இறுதி அறிக்கையில் நன்றி தெரிவிப்பார்களாம். தனியுரிமை கருதிப் பெயர் வராது. எண் வரும்.

அதுவரை வாயே திறக்காமல் இருந்த மனைவி எழுந்து கழிவறைக்குப் போனாள். அவள் வாந்தியெடுக்கும் சத்தம் அறைவரை கேட்டது. துணை இயக்குநர் எழுந்து கதவைச் சாத்தினார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தவள் உட்காரவில்லை.

"மாசக்கணக்கா இவரத் திட்டிக்கிட்டே இருந்தேன்," என்றாள். "இவர் பேசாததாலதான் பிள்ள பேசலன்னு நெனச்சேன். உங்க ஆள் அதையும் உக்காந்து எழுதிக்கிட்டுப் போனாங்க. அப்பவும் உங்களுக்குத் தெரியும்."

"ஆமா," என்றார் துணை இயக்குநர். "அது ரொம்ப முக்கியமான பதிவு."

அன்றைக்கே விலக விரும்புவதாகச் சொன்னார்கள். விலகல் படிவம் பதினாறு பக்கம். அதைப் பரிசீலிக்க ஆறு மாதம் ஆகும், அதுவரை அவர்கள் உறுப்பினர்களே என்று கீழ்த்தளத்தில் சொன்னார்கள். வாசல் படியில் கேள்வியக்கா எதிர்ப்பட்டாள். எதுவும் கேட்காமலேயே எல்லாம் தெரிந்தவள் போல நின்றாள். எழுதுவதுதான் தன் வேலை, சொன்னால் அந்த வேலையும் போய்விடும் என்று மெதுவாகச் சொன்னாள். உங்கள் பிள்ளையை இதில் சேர்த்தீர்களா என்று பூனையின் தாய் கேட்டாள். கேள்வியக்கா பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். இல்லை என்றாள்.

பத்து நாளில் பூனைக்குக் கருவி பொருத்தினார்கள். முதல் நாள் முழுக்க அழுதாள். கழிவறையில் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டு ஓடிவந்து தாயின் காலைக் கட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் தானே தனியாகப் போய், மறுபடி தண்ணீரை இறக்கிவிட்டு, கதவோரம் நின்று கேட்டாள். அன்று தொட்டி நிரம்பவே இல்லை. யாரும் அவளைத் தடுக்கவில்லை.

அடுத்த மாதம் நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. நான்காம் ஆண்டு குடும்ப விழாவில், ஒரு சந்திப்பையும் தவறவிடாத குடும்பம் என்ற முறையில் மெக்கானிக் மேடையேறி நன்றி தெரிவிக்க வேண்டும். அனுப்பியது இரண்டாம் மாடியில் இருக்கும் குடும்ப உறவுப் பிரிவு. மூன்றாம் மாடியில் இருப்பது இரண்டாம் மாடிக்குத் தெரியாது. பேச வேண்டியதையும் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார்கள். 'இந்த ஆய்வு எங்கள் இல்லத்தில் ஒளியேற்றியது' என்று தொடங்கியது. மனைவி அந்தத் தாளை இரண்டு விரலால் மட்டும் பிடித்து மேஜையில் போட்டாள். போக வேண்டாம் என்றாள். போகிறேன் என்றார் மெக்கானிக். கொஞ்சம் யோசித்துவிட்டு, நானும் வருகிறேன் என்றாள் அவள்.

கூடம் நிரம்பியிருந்தது. முந்நூற்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள். குழந்தைகளின் சட்டையில் எண் குத்தியிருந்தார்கள். முதலில் பேசிய இயக்குநர், இங்கே இருக்கும் ஒவ்வொரு குழந்தையையும் தன் குழந்தையாகவே பார்ப்பதாகச் சொன்னார். பார்ப்பது என்ற சொல்லை அவர் எட்டு முறை சொன்னார். பிறகு மெக்கானிக்கை அழைத்தார்கள்.

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றார். கடைசி வரிசையில் மனைவி பூனையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு பேசினார்.

"நான் நூத்தி நாப்பத்தேழோட அப்பா. எனக்கு மேடையில பேசி வராது. இங்க இருக்கற பிள்ளைங்கள்ல பதினோரு பேருக்குக் காது சரியா கேக்கல. அது இவங்களுக்கு மூணு வருஷமா தெரியும். யார் யாருன்னும் தெரியும். உங்ககிட்ட சொல்ல மாட்டாங்க, சொன்னா நீங்க வைத்தியம் பாத்துடுவீங்க. அதுல ஒண்ணு என் பொண்ணு. மிச்சம் பத்து யாருன்னு எனக்குத் தெரியல. அதனால எல்லாரும் காது டாக்டர்கிட்ட காட்டிடுங்க. இந்த வாரமே காட்டிடுங்க."

கூடத்தில் சிலர் பழக்கத்தில் கைதட்டிவிட்டு, பாதியில் நிறுத்தினார்கள்.

இயக்குநர் விரைந்து வந்து ஒலிபெருக்கியைக் கையில் வாங்கிக்கொண்டார். இப்படிப்பட்ட தன்னெழுச்சியான பங்கேற்புதான் இந்த ஆய்வின் உயிர்நாடி என்று மெக்கானிக்கைப் பாராட்டினார். எதிர்பாராத தகவலைக் கேட்ட பெற்றோர் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை அறிய இது அரிய தருணம், எனவே இன்றிலிருந்தே ஒரு துணை ஆய்வைத் தொடங்குவதாக மேடையிலேயே அறிவித்தார். களப்பணியாளர்கள் சுவரோரமாக வரிசையாக நின்று, யார் எழுகிறார்கள், யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எழுதத் தொடங்கினார்கள். கேள்வியக்காவும் அந்த வரிசையில் இருந்தாள். பேனாவைத் திறந்தாள், எழுதவில்லை, மூடவும் இல்லை.

நடு வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார். தோளில் ஒரு பையன் தூங்கிக்கொண்டிருந்தான். இவ்வளவு இரைச்சலிலும் தூங்கிக்கொண்டிருந்தான்.

"சார், எம்பையன் அதுல ஒருத்தனா? அத மட்டும் சொல்லுங்க."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க மகனோட தனியுரிமைய நாங்க யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டோம்," என்றார். "உங்களுக்காகவும்."

அந்த மனிதர் பையனின் சட்டையிலிருந்த எண்ணைப் பிய்த்து நாற்காலியில் போட்டுவிட்டு, மேடையை நோக்கி அல்ல, கூடத்தின் பின்பக்கம் மெக்கானிக் இறங்கி வந்து நின்ற இடத்தை நோக்கி நடந்தார். எந்த டாக்டர், எங்கே என்று கேட்டார். அவருக்குப் பின்னால் ஒரு பெண், அவளுக்குப் பின்னால் இன்னும் இருவர். நாற்காலிகள் நகரும் சத்தம் கூடம் முழுக்கப் பரவியது. மேடையில் இயக்குநர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

பக்கத்து மேஜையில், விழா எப்படி இருந்தது என்று குடும்பங்களிடம் கேட்கும் கருத்துப் படிவங்கள் கட்டாக இருந்தன. மெக்கானிக் ஒன்றை எடுத்துத் திருப்பினார். வெறும் பக்கத்தில் தெருவின் பெயர், செருப்புக் கடை, மாடிப்படி எந்தப் பக்கம், மருத்துவர் இருக்கும் நேரம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். வரிசை நீண்டது. மனைவி பூனையை அவர் பக்கத்தில் நிற்கவைத்துவிட்டு, தானும் ஒரு பேனாவை வாங்கி உட்கார்ந்து எழுதினாள்.

துணை இயக்குநர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அந்தப் படிவங்களுக்கு வரிசை எண் இருக்கிறது, அவற்றை ஆய்வுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்றார்.

மெக்கானிக் நிமிரவில்லை.

"தீரப்போகுது," என்றார். "இன்னொரு கட்டு எடுத்துட்டு வாங்க."